அம்மானின் கத்தியும் மருமகனின் கத்தியும்

சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என் தங்கையின் மகன் வீட்டினுள் வராமல், முற்றத்தில் நின்றபடியே என்னை அழைத்தான்.

“மாமா, ஒண்டு காட்டோணும். ஏசப்படாது.”

அவன் கையிலே ஒரு வாழையிலைத் துண்டு இருந்தது. அதன்மேல் எங்கள் அம்மானின் கத்தி. கத்தியின் அருகே, பாகல் விதையளவில், அதன் முனை.

பதினேழு வயதுப் பிள்ளை. யாரோ ஓர் அந்நியன் பத்தடி தூரத்தில் நின்று கத்தியை எறிந்து மரத்தில் தைக்கும் காட்சியைக் கைத்தொலைபேசியிலே கண்டிருக்கிறான். கண்டதும் கை துருதுருத்திருக்கிறது. வீட்டுக் கோடியிற் கிடந்த பாலைமரக் குற்றியை நிமிர்த்தி வைத்து எறிந்து பார்த்திருக்கிறான். முதல் மூன்று எறியிலும் கத்தி தட்டையாய்ப் பட்டுத் தெறித்தது. நான்காம் எறியில் முனை நேராகக் குத்தியது. குத்திய முனை மரத்திலேயே நின்றுவிட, கத்தி மட்டும் நிலத்தில் வீழ்ந்தது.

ஏசுவதற்கு வாயெடுத்தேன், ஏச இயலவில்லை. “அம்மான் எட்டடியில் நின்று கத்தி எறிந்தால் வாழைக்குற்றியில் விரலளவு இறங்கும்” என்று அவன் சிறுவனாயிருந்த நாள் முதலாகச் சொல்லி வந்தவன் நானே. பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிறவன் அக்கதை எங்கே போய்த் தைக்கும் என்று எண்ணிச் சொல்லுவதில்லை.

“மாமா, எறியிறதுக்கும் வீட்டு வேலைக்கும் உதவக்கூடியதாக ஒரே கத்தியாப் பாத்து எடுத்துத் தாங்க. இதை இனித் தொடமாட்டன்” என்றான் அவன். கேள்வி எளியது போலத் தோன்றிற்று. அதற்கு விடை தேட இரண்டு மாதம் சென்றது.

மட்டக்களப்பு நாட்டிலே குடிவழி தாய்வழியாக ஓடுவது. கோயிலுரிமை முதலியன அம்மானிடமிருந்து மருமகனுக்கு இறங்கும் வழக்கத்தை முக்குவர் வழமையைப் பற்றி எழுதியோர் பலரும் எடுத்துரைத்துள்ளனர். கத்திக்கு அப்படியொரு சட்டம் இல்லை. ஆயினும் என் தாயின் தமையனிடமிருந்து அது எனக்கு வந்தது. என்னிடமிருந்து இவனுக்குப் போகவேண்டியதாய் இருந்தது. எருமைக்கொம்புப் பிடி, நான்கங்குல அலகு, முழுநீளம் எட்டங்குலத்துக்குச் சற்றே மேல். மடங்காத கத்தி. அம்மான் அதை இடப்பக்க இடுப்பிலே, மாட்டுத்தோல் உறையில் செருகியிருப்பார். மீன் அறுப்பதும், கயிறு தறிப்பதும், வெற்றிலைக் காம்பு கிள்ளுவதும், காலில் ஏறிய முள்ளைத் தோண்டுவதும் எல்லாம் அதனாலேதான்.

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது எனக்குப் பதினொரு வயது. தென்னைகள் அடியோடு சாய்வதும் கூரைகள் பறப்பதும் ஓயாத அவ்விரவில், வாவிக்கரையிலிருந்த எங்கள் மாட்டுக்காலையுள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கட்டையிலே கட்டிய பசுக்கள் கழுத்தை நீட்டிக் கதறின. நனைந்து இறுகிய கயிற்று முடிச்சை எவராலும் அவிழ்க்க முடியாது. அம்மான் ஒரு கையால் காலைக் கம்பத்தைப் பற்றிக்கொண்டு, மற்றைக் கையால் இடுப்புக் கத்தியை உருவி, ஒவ்வொரு கயிறாக அறுத்துவிட்டார். ஏழு மாடுகளில் ஆறு பிழைத்தன. அயல்வீட்டுக்காரரிடமும் கத்தி இருந்தது. மடக்கி வைக்கும் வில்லுக்கத்தி. குளிரில் விறைத்த ஒற்றைக் கையால் அதைத் திறக்க முடியாமல், பல்லால் இழுத்து, அது வெள்ளத்தில் விழுந்து போயிற்று என்று அவர் பின்பு சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

மடங்கும் கத்திக்கும் மடங்காத கத்திக்கும் உள்ள வேறுபாட்டை நான் கற்றது அன்றிரவேதான். சட்டைப்பையில் அடங்குவது மடக்குக் கத்தியின் நற்குணம். ஆனால் அதற்கு ஒரு மூட்டு உண்டு. மூட்டுள்ள இடத்தில் உப்பும் மணலும் மீன்செதிலும் புகும். அவசரத்தில் இரண்டு கை கேட்கும். தோணியிலே வலைக்கயிறு காலைச் சுற்றி இழுக்கும்போது இரண்டு கையும் ஓய்வாய் இருப்பதில்லை. ஆகையாலே வாவித்தொழில் செய்வோன் இடுப்பில் இருக்கவேண்டியது மடங்காத சிறுகத்தியே என்பது என் துணிபு.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கத்திகளுக்குக் குறைவில்லை. பற்றை வெட்டக் காட்டுக்கத்தி. நெல் அறுக்கத் தாக்கத்தி. பாளை சீவப் பாளைக்கத்தி. ஓலை வாரவும் பெட்டி இழைக்கவும் சத்தகம். இவை ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கென்றே வளைந்தும் நீண்டும் குறுகியும் உருவாயின. பாளைக்கத்தியால் மீன் அறுக்க முனைந்தவன் இரண்டையும் கெடுப்பான். இவற்றுள் எனக்கு மிகவும் விருப்பமானது சத்தகம். பிடியும் அலகும் ஒரே இரும்பாய், மரமோ கொம்போ சேராமல், வால் மெலிந்து கூராய் முடிவது. ஒரு முனை கிழிக்கும். மறுமுனை இழையை விலக்கி இடம் செய்யும். இரண்டு வேலைக்கு ஒரு கருவி என்ற எண்ணம் நம் பெண்களின் கையிலே எத்தனையோ தலைமுறையாக இருந்து வருகிறது. என் மருமகன் கேட்டதும் அதுபோன்ற ஒன்றுதானே என்று எண்ணினேன். எண்ணியது பிழை என்று பின்னர் அறிந்தேன்.

முதலில் பட்டினத்துக் கடைகளிலே பார்த்தோம். கறுப்பு வர்ணம் பூசிய, மூன்று மூன்றாகத் துணியுறையில் வைத்த எறிகத்திகள் விற்பனைக்கு இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். தகரம் போல இருந்தது. ஓட்டைகள் பல இட்டு அழகுபடுத்தியிருந்தார்கள். வாயைத் தடவினேன், பனங்கிழங்கு கூட நறுக்காது. இன்னொரு கடையிலே துருவேறா உருக்கால் ஆன சமையற் கத்தி. அது நறுக்கும், ஆனால் பிளாஸ்ரிக் பிடிக்குள்ளே இரும்பு வால் எவ்வளவு தூரம் செல்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது. கத்தி வாங்குவோர் அலகின் மினுக்கத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது பிடிக்குள் மறைந்திருக்கும் வாலை. வால் பிடியின் முழுநீளத்துக்கும் ஓடி, இருபுறமும் பிடித்துண்டு வைத்து ஆணி தறைந்திருந்தால் அது கத்தி. கால்வாசி தூரம் சென்று பிசினில் நின்றால் அது காய்கறிக்கு மட்டுமே.

ஆகவே படுவான்கரையில் ஒரு கம்மாலைக்குச் சென்றோம். ஆசாரியார் எழுபதைக் கடந்தவர். துருத்திக்குப் பதிலாக மின்விசிறி ஒன்று உலையை ஊதியது. முனை முறிந்த கத்தியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முதுகுப் பக்கத்தை நகத்தால் வருடிப் பார்த்தார்.

“சேர், இது அரத்தில அடிச்ச கத்தி. பல்லுத் தெரியுது பாருங்க.”

பார்த்தேன். நாற்பது ஆண்டுகளாக என் கையில் இருந்த கத்தியின் முதுகிலே, சாய்வான மெல்லிய கோடுகள். அரத்தின் பற்கள் அடியில் மழுங்கி எஞ்சிய தடம். அதுவரை நான் அதைக் கண்டதேயில்லை.

“அரத்துக்கு வளையத் தெரியாது, முறியத்தான் தெரியும். வாய் நிக்கும். அறுக்கிறதுக்கு இதைப்போல ஒண்டில்லை. எறியக்குடாது” என்றார்.

இவ்விடத்தில் இரும்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இரும்போடு கரி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதிலேதான் உருக்கின் குணம் தங்கியிருக்கிறது. அரம் செய்யும் உருக்கிலே நூற்றுக்கு ஒரு பங்கு, சிலவேளை அதற்குச் சற்று மேல், கரி உண்டு. லொறியின் வில்லுத்தகட்டிலே அதில் ஏறத்தாழப் பாதிதான். கரி மிகுந்தால் கடினமும் மிகும். கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் அதிர்ச்சி தாங்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்து உரமேற்றுவதைத் துவைச்சல் என்பர். துவைச்சல் ஏறிய உருக்குக் கண்ணாடி போலாகும். அதை மீண்டும் இளஞ்சூட்டிலே வாட்டினால் கடினம் ஒரு பங்கு இறங்கி உறுதி ஒரு பங்கு ஏறும். எவ்வளவு வாட்டுவது என்பதற்கு ஆசாரியாரிடம் வெப்பமானி இல்லை, நிறமே அளவு. மினுக்கிய இரும்பின் மேல் முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடும். அது 220 பாகை சதமளவு. பின் கபிலம், பின் கத்தரிப்பூ நிறம், 300 பாகையை அணுகுகையில் நீலம். மஞ்சளில் நிறுத்தினால் சவரக்கத்தி. நீலத்தில் நிறுத்தினால் வில்.

“எறியிற கத்திக்கு நீலம் வேணும். அறுக்கிற கத்திக்கு மஞ்சள் வேணும். நீங்க ரெண்டையும் ஒண்டில கேக்கிறீங்க” என்று சிரித்தார் ஆசாரியார்.

நான் இரண்டு மாதம் தேடிய விடை அது. அவர் அதை உலைக்குக் கரி அள்ளிப் போட்டபடியே சொல்லி முடித்தார்.

இத்தீவின் கொல்லர் இவ்வறிவைப் புதிதாகப் பெற்றவரல்லர். தென்புலத்துச் சமனலவெவப் பகுதியின் குன்றுச் சரிவுகளிலே, தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகளைக் கில் யூலெஃப் என்னும் ஆங்கில அம்மையார் அகழ்ந்தெடுத்தார். அவ்வாறான உலையொன்றை அங்கேயே கட்டி, காற்றைக்கொண்டே இரும்பு உருக்கிக் காட்டி, 1996ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழிலே எழுதினார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அவ்வுலைகள் எரிந்தன. சரண்தீப்பின் உருக்கைப் பற்றி அரபு அறிஞர் அல்கிந்தி 9ஆம் நூற்றாண்டில் வாள்களைக் குறித்து எழுதியபோது பேசியிருக்கிறார். இன்று நம் ஆசாரியார்களுக்கு மூலப்பொருள் லொறி வில். பழையதை எண்ணிப் பெருமூச்சு விடுவதற்கு நான் இதைச் சொல்லவில்லை. லொறி வில்லும் நல்ல உருக்கே.

கம்மாலைத் திண்ணையில் இருந்தபோது எனக்கு இன்னொரு செய்தி நினைவுக்கு வந்தது. 1660இல் கொட்டியாரக் குடாவிலே சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டு கண்டி இராச்சியத்தில் காவலில் இருந்து, 1679இல் தப்பிய றொபேட் நொக்ஸ், தாம் 1681இல் வெளியிட்ட நூலிலே வேடரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அம்பலகு வேண்டிய வேடர் இரவில் வந்து, இறைச்சிப் பொதியைக் கொல்லன் பட்டறையிலே தூக்கிவிட்டு, தமக்கு வேண்டிய வடிவில் ஓர் இலையை வெட்டி அதனருகே தொங்கவிட்டுப் போவார்களாம். கொல்லன் அவ்வடிவிலே அடித்து வைத்தால் பிறகும் இறைச்சி வரும். ஒரு சொல் பேசாமல் நடந்த வணிகம். ஆயுதம் வேண்டுவோன் தனக்கு வேண்டியது இன்னதென்று முன்னரே அறிந்திருக்கவேண்டும் என்பது அவ்வழக்கத்தின் நிபந்தனை. இலையிலே வெட்டிக் காட்ட முடியாத விருப்பத்தைக் கொல்லன் எப்படி இரும்பிலே அடிப்பான்?

இதை மருமகனுக்குச் சொன்னேன். அவன் எழுந்து போய், வேலியோரத்துப் பனையோலையில் ஒரு துண்டு கிழித்து வந்து, ஆசாரியாரின் சத்தகத்தை வாங்கி, வெட்டத் தொடங்கினான்.

எறிபடை என்றதும் தமிழாசிரியன் மனம் வளரிக்குத்தான் ஓடும். பிறைபோல் வளைந்து ஒரு முனை பருத்த அப்படையை மறவரும் கள்ளரும் மரத்திலும் இரும்பிலும் செய்து வழங்கினர். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலிற் கற்றுத் தந்தவர் மருது சகோதரருள் ஒருவரே என்று, 1830இல் வெளிவந்த தம் நினைவுநூலிலே நன்றியோடு குறித்திருக்கிறார். கற்பித்தவரை அவர் சார்ந்த கும்பினியே 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆந் திகதி திருப்பத்தூரில் தூக்கிலிட்டது. எட்கார் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலே, கள்ளர் திருமணத்தில் இரு வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் பதிவாகியுள்ளது. பெண் கொடுப்போரும் எடுப்போரும் எறிபடையை மாற்றிக்கொள்வது! உறவு கூடும் இடத்திலே படைக்கலம் கைமாறுவதை எங்கள் நாட்டு வழக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்கு வியப்பாய் இருக்கிறது. நம்மவர் கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் பகை வரும் என்று அஞ்சுவோர்.

ஆனால் வளரி கத்தியன்று. அது வெட்டுவதற்கு ஆனதில்லை. சுழன்று சென்று அடிப்பதற்கு ஆனது. எறிவதற்கென்று பிறந்த எந்தப் படையையும் பாருங்கள்: ஆபிரிக்காவின் அசாண்டே மக்களின் பலகிளைக் கத்தி, சீக்கியரின் சக்கரம், யப்பானியரின் கூராணி. ஒன்றாலாவது தேங்காய் உடைக்கலாமா, கயிறு தறிக்கலாமா? உலகெங்கும் எறிபடை செய்தோர் அதை வீட்டுக் கருவியிலிருந்து பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

இக்காலத்திலே கத்தி எறிதல் ஒரு விளையாட்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹரி மக்எவோய் என்பவர் 1949இல் எறிகத்திக்கென்றே ‘ட்ரூ பாலன்ஸ்’ என்னும் தொழிலகம் தொடங்கி, இக்கலைக்கு ஒழுங்கு வகுத்தார். எறிவோரிடையே வழங்கும் கணக்கு ஒன்றுண்டு: ஓர் அங்குல நீளத்துக்கு ஓர் அவுன்சு நிறை. ஓர் அவுன்சு 28 கிராம். அம்மானின் கத்தியைத் தேநீர்க்கடைத் தராசிலே மருமகன் நிறுத்துப் பார்த்தான்; 115 கிராம். அதன் நீளத்துக்கு இரு மடங்கு இருந்திருக்கவேண்டும். இலேசான கத்தி காற்றிலே தடுமாறும். கையை விட்டு நீங்கும்போது ஏற்படும் சிறு பிழையையும் பெரிதாக்கிக் காட்டும். குறுகியது விரைந்து சுழலும். விரைந்து சுழல்வது எந்தக் கணத்தில் முனை முன்னால் நிற்கும் என்று கணிக்க இடம் தராது. பத்தங்குலத்துக்குக் குறைந்த கத்தியால் எறிதல் கற்பது, முதற்பாடமாகவே வெண்பா இயற்றச் சொல்வது போன்றது.

சுழற்சிதான் இக்கலையின் உயிர். கத்தி நேரே செல்வதில்லை; தன் எடைநடுவைச் சுற்றிச் சுழன்று செல்கிறது. பிடியைப் பற்றி எறிந்தால், ஏறத்தாழ நான்கு மீற்றரில் ஒரு முழுச்சுற்று முடித்து முனை முன்னால் வரும். முனையைப் பற்றி எறிந்தால் அதன் பாதித் தூரத்துக்குச் சற்று மேல். ஆகவே வலிமையைக் கூட்டுவதால் பயனில்லை; நிற்கும் இடத்தை அரை அடி முன்னோ பின்னோ மாற்றவேண்டும். என் மருமகன் மூன்று முறை தட்டையாய் எறிந்தது கையின் குற்றமன்று, காலின் குற்றம்.

இதைவிட முக்கியமானது வாய். எறிகத்திக்கு வாய் கூடாது. முனை மட்டுமே வேண்டும். அலகைப் பற்றி எறியும் விரலை அது அறுக்கும். மரத்தில் தைக்காது தெறித்துத் திரும்பினால் எறிந்தவன் காலையே தேடும். அறுகத்திக்கோ வாய்தான் எல்லாம். எறிகத்திக்குப் பிடித்துண்டுகள் கூடாது. ஐம்பது எறியில் கொம்பு பிளக்கும், ஆணி தளரும். அறுகத்திக்குப் பிடித்துண்டு இல்லாவிடில் மீன்நெய் பட்ட கை வழுக்கும். எறிகத்தி தடித்திருக்கவேண்டும், ஆறு மில்லிமீற்றராவது. கெழுத்தியின் வயிற்றைக் கீறும் கத்தி முதுகிலே மூன்றுக்கு மேற்படலாகாது. இப்படி ஒன்றன் நற்குணம் மற்றதன் குற்றமாய் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே நின்று செய்தால், சுமாராய் அறுத்துச் சுமாராய்த் தைக்கும் ஒன்று கிடைக்கும். கடையில் விற்பது அது. அவசரத்திலே சுமாரான கத்தியை நம்பியவன் நிலை யாதென்பதை 1978ஆம் ஆண்டு இரவு எனக்குக் காட்டியது.

“அப்ப உங்கட அம்மான் எறிஞ்சவர் எண்டு மனே சொல்றான். இதையா எறிஞ்சவர்?” என்று ஆசாரியார் கேட்டார்.

ஆம் என்று சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். கண்ணை மூடிப் பார்த்தேன். வாவிக்கரை, அறுவடை முடிந்த மாலை, வாழைக்குற்றி, அம்மானின் வலக்கை உயர்கிறது. அப்போது அவர் இடுப்பிலே உறை வெறுமையாய் இருந்ததா? இல்லை. எருமைக்கொம்புப் பிடி உறைக்கு மேலே கறுப்பாய்த் தெரிந்தது. கையில் இருந்தது வேறு. பிடியில்லாத, துருவேறிய, முனை மட்டும் தீட்டிய ஓர் இரும்புத் துண்டு. நாங்கள் சிறுவர் அதற்கு ‘மொட்டைக் கத்தி’ என்று பெயரிட்டிருந்தோம். எறிந்து முடிந்ததும் அதை வேலியிலே செருகிவிட்டுப் போவார், வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. நாற்பதாண்டுகளாக நான் சொல்லிய கதையிலே இரண்டு இரும்பும் ஒன்றாய் உருகிப் போயிருந்தன.

“இதையில்லை” என்றேன். மருமகன் ஓலையிலிருந்து தலை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரே லொறி வில்லிலிருந்து ஆசாரியார் இரண்டை அடித்தார். ஒன்று பதினொரு அங்குலம், 300 கிராம். பிடியும் அலகும் ஒரே இரும்பு. சத்தகத்தின் பெரிய தமையன் என்று சொல்லலாம். வாய் மழுங்கல், முனை நடுக்கோட்டில். நீலம் ஓடும்வரை வாட்டினார். மற்றது நான்கங்குல அலகு. வால் பிடியின் முழுநீளத்துக்கும். பிடிக்கு முதிரை மரம். மூன்று பித்தளை ஆணி. இதன் வாய்ப்பக்கத்தை மஞ்சளில் நிறுத்தி, முதுகை மட்டும் ஒள்ளுப்பம் கூடுதலாக வாட்டினார். நெருப்பிலிருந்து எப்போது எடுப்பது என்பதை ஒரு காந்தத் துண்டை வைத்துப் பார்த்தார். ஏறத்தாழ 770 பாகை சதமளவில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். அதற்குச் சற்று மேலே சென்றதும் எண்ணெயில் தோய்த்தார். நிறத்தைக் கண்ணால் அறியும் கிழவருக்குக் காந்தம் எதற்கு என்று கேட்டேன். “கண்ணுக்கும் வயசு போகுதே, சேர்” என்றார்.

துருவேறா உருக்கை நான் ஏன் விலக்கினேன் என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். வாவியின் உப்புத்தண்ணீரிலே நாள் முழுதும் நிற்பவனுக்கு அது நல்லது, விலக்கவேண்டியதில்லை. ஆனால் நம்மூர் உலையில் அதை முறையாகத் துவைக்க முடியாது. தீட்டுக்கல்லிலும் அது சோம்பும். கரியுருக்குக் கேட்பதெல்லாம் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு துளி. தோலுறைக்குள் ஈரத்தோடு வைத்து மறந்தால் ஒரே இரவில் செந்துரு பூக்கும். கருவியைப் பேணச் சோம்புவோருக்கு மினுங்கும் கத்தியே ஏற்றது. அதில் இகழ்ச்சி ஒன்றுமில்லை.

புறநானூற்றிலே ஔவையார் தொண்டைமானின் படைக்கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டை ஆசிரியர்கள் அறிவர். நெய் பூசி மயிற்பீலி சூட்டிக் காவலில் இருக்கும் படைக்கலங்களை ஒருபுறமும், முனை சிதைந்து கொல்லனின் உலைக்களத்திலே கிடக்கும் அதியமானின் வேல்களை மறுபுறமும் நிறுத்திக் காட்டும் பாட்டு அது. ஆண்டுதோறும் அதை நான் வகுப்பிலே நடத்தியிருக்கிறேன். முனை சிதைந்த ஒன்றைக் கையில் ஏந்திக் கொல்லன் வாசலில் நின்றபோதுதான், அப்பாட்டில் வரும் கொல்லனையும் ஒரு மனிதனாக எண்ணிப் பார்த்தேன்.

அம்மானின் கத்திக்கு ஆசாரியார் புதுமுனை இட்டுத் தந்தார். அடிக்கவில்லை; நெருப்பிலும் வைக்கவில்லை. வைத்தால் பழைய துவைச்சல் போய்விடும் என்று, தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சாணைக்கல்லிலே அரைநாள் தேய்த்தார். கால் அங்குலம் குறைந்தது. போர்க்காலத்திலே இடுப்புக் கத்தியோடு துறை கடப்போருக்குக் கேள்விகள் பல இருந்தபடியால், 1990களில் இக்கத்தி ஆண்டுக்கணக்காய்க் கூரைக் கிடுகிலே எண்ணெய்த் துணி சுற்றிக் கிடந்தது. அதையும் தாங்கியது, இதையும் தாங்கும்.

எறிவதற்கு இப்போது முற்றத்தின் கோடியிலே முள்முருக்கங் குற்றி ஒன்று, வெட்டுமுகம் எறிபவனை நோக்கியிருக்க, நிற்கிறது. மெல்மரத்தின் வெட்டுமுகத்திலே முனை நார்களுக்கிடையே நுழையும். பாலையும் பனையும் அதற்காகா. குற்றிக்குப் பின்னால் மண்சுவர். எறிபவன் பக்கத்தில் எவரும் நிற்கலாகாது. எறியும்போது காலில் செருப்பு இருக்கவேண்டும். எறிந்து முடிந்ததும் இரும்பு வேலியிலே இருக்கவேண்டும், வீட்டுக்குள் வரலாகாது. இந்த மூன்று விதியையும் நான் வகுக்கவில்லை. கடைசி விதி அம்மானுடையது. மற்றவை அவன் தாய் இட்டவை. பத்துக்கு ஆறு தைக்கிறது என்கிறான். நான் எண்ணிப் பார்த்தது நாலு.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை அவனை அழைத்து இருத்தினேன். புதுக்கத்தியை அவன் ஏற்கெனவே இடுப்பில் கட்டியிருந்தான். அதை நான் வைத்துக்கொள்வதாகச் சொல்லிக் கழற்றச் சொன்னேன். பழைய கத்தியை உறையிலிருந்து எடுத்து, எண்ணெய் தொட்டுத் துடைத்து, மீண்டும் உறையிலிட்டேன். கையிலே கொடுக்கவில்லை. நடுவே கிடந்த பன்பாயின்மேல், பிடி அவன் பக்கமாக வைத்தேன். அவன் எடுத்துக்கொண்டான்.